சனிக்கிழமை யாருடையது?

மெல்பேர்ண் நகரத்தில் விக்டோரியா வீதியும் ரஸல் வீதியும் சந்திக்கும் மூலையில், தொழிற்சங்கங்களின் பழைய மாளிகைக்கு எதிரே, மூன்று எட்டுகளைத் தாங்கிக்கொண்டு ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1856ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி, மெல்பேர்ண் சர்வகலாசாலையின் கட்டடங்களை எழுப்பிக்கொண்டிருந்த கல்தச்சர்கள் உளியையும் சுத்தியலையும் கீழே வைத்துவிட்டு, பாராளுமன்றக் கட்டடத்தை நோக்கி ஊர்வலமாக நடந்து, நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்குமேல் வேலை செய்வதில்லை என்ற தங்கள் கோரிக்கையைக் கூலியில் ஒரு காசு குறையாமல் வென்றெடுத்ததன் ஞாபகார்த்தமாக, 1903இல் நாட்டப்பட்ட தூண் அது. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எஞ்சிய எட்டு மணி மனம்போல் கழிப்பதற்கான பொழுது என்பதே அந்த மூன்று எட்டுகளின் தாத்பரியம். சிட்னிக் கல்தச்சர்களில் ஒரு சாரார் இதற்குச் சில மாதங்கள் முன்னரே அதே உரிமையைப் பெற்றுவிட்டார்கள் என்பது, இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஓயாமல் நடக்கும் போட்டியில் சிட்னிவாசிகள் மறவாமல் எடுத்துரைக்கும் விஷயம்.

எந்தச் சர்வகலாசாலையின் சுவர்களைக் கட்டியவர்கள் ஓய்வுக்காகப் போராடினார்களோ, அந்தச் சர்வகலாசாலையின் வாசற்படியைத் தம் பிள்ளை மிதிக்கவேண்டும் என்பதற்காக, அப்பிள்ளையின் மூன்றாவது எட்டு மணியை முழுவதும் எடுத்துக்கொண்டு, இரண்டாவது எட்டிலும் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறோம் நாம், அதாவது இந்நாட்டில் குடியேறிய தமிழ்ப் பெற்றோர். பள்ளிப்படிப்பில் நமக்குள்ள சிரத்தையைக் குறைத்துக்கொள்ள வேண்டுமென்றோ, பரதமும் சங்கீதமும் தமிழும் வேண்டாமென்றோ நான் வாதிக்க வரவில்லை. படிப்பையும் கலையையும் மொழியையும் அட்டவணையின் கட்டங்களில் ஒன்றுவிடாமல் நிரப்பிவிட்டு, அவை ஒரு பிள்ளையின் உள்ளத்தில் இறங்குவதற்கு வேண்டிய சாவகாசத்தை மாத்திரம் நாம் கொடுக்க மறந்துவிட்டோம் என்பதே என் முறைப்பாடு.

என் தம்பியின் மகள் மேற்குச் சிட்னியில் பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். திங்கள் முதல் வெள்ளி வரை அவள் நாட்கள் மற்றப் பிள்ளைகளின் நாட்களைப் போலவே கழிகின்றன, சனிக்கிழமைதான் விசேஷமானது. காலையில் தமிழ் வகுப்பு, அது முடிந்ததும் நடன வகுப்பு, பிற்பகலில் கணிதத்திற்கு டியூசன், பொழுது சாய்ந்தபின் யாரேனும் உறவினரின் பிறந்தநாளோ, தெரிந்தவர் மகளின் அரங்கேற்றமோ. ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு அவளை ஏற்றிச் செல்லும் பொறுப்பு சில சமயங்களில் எனக்கு வாய்ப்பதுண்டு. அப்படிப் போகும் வழியில், மத்தியான உணவை மடியில் வைத்துக்கொண்டே ஒருநாள் அவள் சொன்னாள்: “பெரியப்பா, சும்மா இருந்தா அம்மா வந்து என்ன செய்யிறாய் எண்டு கேப்பா. ஒண்டுமில்லை எண்டு சொன்னா அதுக்கும் ஒரு கிளாஸ் தேடிப் பிடிச்சிடுவா.” அம்மா உன்ர நன்மைக்குத்தானே பிள்ளை செய்யிறா என்று, பெரியப்பாமார் சொல்லவேண்டியதை நானும் சொன்னேன். “எல்லாரும் என்ர நன்மைக்குத்தான் செய்யினம் பெரியப்பா,” என்று சிரித்துவிட்டு, பாதி உண்ட சோற்றுப் பெட்டியை மூடி வைத்து, கணிதக் கொப்பியை எடுத்துக்கொண்டாள்.

இந்த ஓட்டம் பதினோராம் வகுப்பில் தொடங்குவதன்று. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தெரிவுமுறை உயர்நிலைப் பள்ளிகளுக்கான பரீட்சையை ஆறாம் வகுப்பிலேயே பிள்ளைகள் எழுதுகிறார்கள். பதினையாயிரத்திற்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்க, இருக்கும் இடங்கள் ஏறத்தாழ 4,200 தாம். அதற்கும் முன்பு, ஐந்தாம் வகுப்புக்கான விசேஷப் பிரிவுகளில் சேர நான்காம் வகுப்பிலேயே ஒரு பரீட்சை உண்டு. ஆகவே ஒன்பது வயதில் ஒருமுறையும் பதினொரு வயதில் ஒருமுறையும் தரம் பிரிக்கப்பட்டு, அதற்கான டியூசனுக்கு எட்டு வயதிலேயே அனுப்பப்படும் குழந்தைகள் நம்மிடையே அபூர்வமல்லர். 2025ஆம் ஆண்டு மே மாதம் இப்பரீட்சை முதன்முறையாகக் கணினி வழியில், சில பெரிய மையங்களில் நடத்தப்பட்டபோது, கூட்டம் கட்டுக்கடங்காமற் போய்க் காவல்துறையினர் வந்து ஒழுங்குபடுத்த நேர்ந்ததையும், சில மையங்களில் பரீட்சை தள்ளிவைக்கப்பட்டதையும் பத்திரிகை படிப்பவர்கள் அறிவார்கள். அம்மையங்களில் ஒன்று கேன்டர்பரி பார்க் குதிரைப் பந்தயத் திடல் என்பதைப் படித்தபோது, இதைவிடப் பொருத்தமான ஓர் இடத்தை அதிகாரிகள் தேடியும் கண்டுபிடித்திருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றிற்று.

இப்பரீட்சையின் சிகரம் கார்லிங்போர்டில் உள்ள ஜேம்ஸ் ரூஸ் விவசாய உயர்நிலைப் பள்ளி. தண்டனைக் கைதியாக இங்கு வந்து, பரமட்டாவுக்கு அருகில் முதன்முதலாக நிலம் பெற்றுக் கோதுமை பயிரிட்ட ஒருவரின் பெயரைத் தாங்கி 1959இல் தோன்றிய அப்பள்ளி, 1996 முதல் 2022 வரை, தொடர்ந்து 27 ஆண்டுகள் எச்.எஸ்.சி. என்னும் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைப் பெறுபேறுகளில் மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்றது. 2023இல் வட சிட்னி ஆண்கள் உயர்நிலைப் பள்ளி அவ்விடத்தைக் கைப்பற்றியதும் நம்மவர் வீடுகளில் அது ஒரு ராஜ்யம் கைமாறியதைப் போல விவாதிக்கப்பட்டது. பெயரில் விவசாயம் இருந்தாலும் நம் பெற்றோர் அங்கே விளைவிக்க விரும்புவது வைத்தியர்களைத்தான். மெல்பேர்ணில் இத்தகைய அரசுப் பள்ளிகள் நான்கே உள்ளன, நுழைவும் ஒன்பதாம் வகுப்பில்தான். எனவே அங்குள்ள பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதலாகக் குழந்தைப் பருவம் கிடைக்கிறது என்று சொல்லலாம்.

பெற்றோரைப் பழிப்பது சுலபம். அவர்களுடைய அச்சத்தின் வேரைப் பார்க்காமல் பழிப்பது நியாயமன்று. இங்குள்ள ஈழத்தமிழ்க் குடும்பங்களில் இன்று தாத்தா பாட்டியாக இருப்பவர்கள், 1970களின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தலின் கீழ், வைத்தியத்திற்கும் பொறியியலுக்கும் சிங்கள மொழியில் எழுதியவர்களைவிடத் தமிழில் எழுதியவர்கள் கூடுதலான புள்ளிகள் பெற்றாக வேண்டும் என்ற விதியால், சர்வகலாசாலையின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், அல்லது அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டவர்களின் சகோதரர்கள். 1981இல் யாழ்ப்பாணத்தின் நூலகம் எரிந்ததையும் 1983இல் கொழும்பில் வீடுகள் எரிந்ததையும் கண்டவர்களுக்கு, நிலமும் நகையும் வீடும் ஒரே இரவில் போய்விடக் கூடியவை என்பதும், தலைக்குள் இருக்கும் கல்வியை மாத்திரம் எவரும் கொளுத்த முடியாது என்பதும் உபதேசமாக அல்ல, அனுபவமாகவே தெரியும். தமிழ்நாட்டிலிருந்து கணினித் தொழிலுக்காக வந்தவர்களோ, பிளஸ் டூ பரீட்சையில் அரை மதிப்பெண் குறைந்தால் ஒரு கல்லூரி கைநழுவும் என்ற கணக்கை இளமையிலேயே மனப்பாடம் செய்தவர்கள். இவ்விரு சாராரும் கரையேறியது ஒரு பரீட்சையின் தயவால்தான். ஆகவே பரீட்சையைத் தெய்வமாக வழிபடுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தத் தெய்வத்திற்கு இந்த நாட்டில் அவ்வளவு சக்தி கிடையாது என்பதை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். பதினெட்டாவது வயதில் விரும்பிய துறை கிடைக்காத மாணவன் இங்கே வேறொரு துறையில் ஓராண்டு படித்துவிட்டு மாறிக்கொள்ளலாம். டேஃப் என்னும் அரசுத் தொழிற்கல்லூரியில் சேர்ந்து, அங்கிருந்து சர்வகலாசாலைக்குப் போகலாம். முப்பது வயதில், குடும்பஸ்தராகிய பின்னரும், முதிர்ந்த மாணவராக விண்ணப்பிக்கலாம். மின்சாரப் பணியாளரும் குழாய்ப் பணியாளரும் அலுவலகத்தாருக்கு நிகராகச் சம்பாதித்து, மதிப்புடன் வாழும் தேசம் இது. ஒரே கதவு மாத்திரம் இருந்த ஊரில் அக்கதவு அடைபட்டபோது பிறந்த பயத்தைப் பல கதவுகள் உள்ள ஊருக்குக் கொண்டுவந்து, அந்த அடைபட்ட கதவைக் கண்டிராத பிள்ளைகளுக்குப் பிதிரார்ஜிதமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிப்படிப்போடு இது நின்றிருந்தால் நான் இவ்வளவு தூரம் எழுத வந்திருக்கமாட்டேன். நம் மொழியும் கலையும் அதே தராசில் ஏறிவிட்டதுதான் எனக்குப் பெரிய விசாரத்தைத் தருகிறது.

அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 2016ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 73,000 பேர். 2021இல் 95,000க்கும் மேல். இப்பெருக்கத்திற்குப் பல ஆண்டுகள் முன்னரே, சிட்னியில் பாலர் மலர் 1977இலும், மெல்பேர்ணில் மாவை நித்தியானந்தன் முதலியோரின் முயற்சியால் பாரதி பள்ளி 1994இலும் தோன்றின. ஹோம்புஷ், வென்ட்வேர்த்வில் முதலிய இடங்களில் தமிழ்க் கல்வி நிலையங்கள் எழுந்தன. வாரம் முழுதும் வேலைக்குப் போய்விட்டு, வார இறுதியில் வாடகை வகுப்பறைகளில் அ, ஆ எழுதிக் காட்டிய தொண்டர்களின் உழைப்பால் அமைந்தவை இவை. குழந்தைகளுக்குப் பாட்டாகவும் நாடகமாகவும் தமிழைக் கொடுத்த ‘பாப்பா பாரதி’ ஒளிநாடாக்களைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். இப்பள்ளிகளின் முயற்சியும், தமிழபிமானிகள் அரசாங்கத்தின் கதவைத் தட்டிய தட்டலும் சேர்ந்ததால்தான் எச்.எஸ்.சி.யிலும், விக்டோரியா மாநிலத்தின் வி.சி.இ.யிலும் தமிழ் ஒரு பரீட்சைப் பாடமாக நிற்கிறது. அரசு நடத்தும் சனிக்கிழமை மொழிப் பள்ளிகளிலும் தமிழ் கற்பிக்கப்படுகிறது. இது சாமானியமான சாதனையன்று.

அந்தச் சாதனைக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் மாணவர்களை வரிசைப்படுத்தும் ‘ஏட்டார்’ என்ற தரவரிசையில், விக்டோரியா மாநிலம் மொழிப் பாடங்களுக்கு ஊக்கம் அளிப்பதற்காக அவற்றின் சராசரிப் புள்ளியை 5 உயர்த்திக் கணக்கிடுகிறது. நியூ சவுத் வேல்ஸில் அத்தகைய சலுகை கிடையாது. ஒரு பாடத்தை எடுத்தவர்கள் மற்றப் பாடங்களில் எவ்வளவு திறமை காட்டினார்கள் என்பதைப் பொறுத்தே அப்பாடத்தின் புள்ளி ஏறும் அல்லது இறங்கும். இதன் விளைவாக, மெல்பேர்ணில் உள்ள ஒரு தகப்பனார் “தமிழ் எடு, மாக்ஸ் கூடும்” என்கிறார். சிட்னியில் உள்ள அவருடைய சகோதரரோ “தமிழை விடு, மாக்ஸ் குறையும்” என்கிறார். ஒருவர் தமிழ்ப்பற்று மிக்கவராகவும் மற்றவர் பற்றற்றவராகவும் சபைகளில் காட்சியளிக்கிறார்கள். இருவரும் பார்த்தது புள்ளி அட்டவணையைத்தான். எட்டு, ஒன்பது ஆண்டுகள் வாரந்தோறும் தமிழ்ப் பள்ளிக்குப் போன பிள்ளை, பத்தாம் வகுப்பு முடிந்ததும் அதைக் கைவிடும்போது, தமிழ் என்பது புள்ளிக்கு உதவும்வரை வைத்திருந்து பிறகு விட்டுவிடக் கூடியது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. அப்பாடத்தைக் கற்பித்தவர் தமிழ் உபாத்தியாயர் அல்லர், நாம்தான்.

பேச்சுப் போட்டிகளின் காட்சியும் ஏறக்குறைய இதுவே. தாயார் எழுதுகிறார், தகப்பனார் திருத்துகிறார், ஊரிலிருக்கும் தாத்தா தொலைபேசியில் உச்சரிப்பைச் செப்பனிடுகிறார். பிள்ளை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு உருப்போடுகிறது. ‘தமிழின் தொன்மை’ பற்றி ஒரு பிசகில்லாமல் ஐந்து நிமிஷம் முழங்கிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவரும் சிறுவனிடம், “தம்பி, பசிக்குதோ?” என்று கேட்டால், “யெஸ் அங்கிள்” என்று பதில் வருகிறது. பாரதியார் தம் பாப்பாப் பாட்டில் ஒரு குழந்தையின் நாளைப் பகுத்தபோது மாலைப் பொழுதை விளையாட்டுக்கென்றே ஒதுக்கிவைத்தார் என்பது தமிழர் எவருக்கும் தெரிந்தது. அந்தப் பாட்டையே அபிநயத்தோடு ஒப்புவிப்பதற்காக, மாலைதோறும் விளையாட விடாமல் பிள்ளைகளை உட்காரவைத்துப் பயிற்றுவிக்கிறோம் என்பதை அவர் எந்தக் கணக்கில் சேர்த்திருப்பாரோ, அறியேன்.

நடனத்தைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனெனில் இந்நகரங்களில் உண்மையான வித்துவத்தோடும் பொறுமையோடும் கற்பிக்கும் ஆசிரியைகளை நான் அறிவேன். எனினும் அரங்கேற்றம் என்ற வைபவம் அடைந்திருக்கும் உருவத்தைக் கண்ணால் கண்டவர்கள் மறுக்கமாட்டார்கள். மண்டபத்தைப் பிடிப்பது முதல், சென்னையிலிருந்து பக்கவாத்தியக்காரர்களை அழைப்பது, வர்ண அழைப்பிதழ், வாழ்த்துரைகள் நிறைந்த மலர், நானூறு பேருக்குச் சாப்பாடு என்று ஒரு கலியாணத்தின் சகல அம்சங்களும் அதில் உண்டு. மாப்பிள்ளை ஒருவர்தான் குறை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இடைஞ்சல் வராதபடி பத்தாம் வகுப்பிலோ பதினோராம் வகுப்பிலோ அது முடிந்துவிட வேண்டும். முடிந்த மறுவாரம் சலங்கை அலமாரிக்குள் போகிறது. பல பெண்களின் விஷயத்தில் பிறகு வெளியே வருவதேயில்லை. பத்து வருஷம் கற்ற கலையைத் தனக்காக, ஒருவரும் பார்க்காத ஓர் அறையில், ஆடவேண்டும் போலிருக்கிறது என்ற காரணத்திற்காக ஒருநாளாவது ஆடியிருக்கிறாயா என்று நான் கேட்ட பெண்கள், கேள்வியே விளங்காதவர்கள் போல என்னைப் பார்த்தார்கள்.

விளையாட்டு நம் வீடுகளில் கடைசிப் பந்திதான். சனிக்கிழமைக் காலை பள்ளிகளுக்கிடையிலான கிரிக்கெட்டும் வலைப்பந்தும் நடக்கும் அதே வேளையில்தான் தமிழ் வகுப்பும் நடக்கிறது. இரண்டில் ஒன்றைப் பிள்ளை விட்டாக வேண்டும், எதை விட்டாலும் ஒரு குற்ற உணர்ச்சி மிஞ்சும். நீச்சலைக்கூட நாம் படிநிலை படிநிலையாகச் சான்றிதழ் பெறும் வித்தையாக ஆக்கிவிட்டோம். எல்லாப் படிகளையும் ஏறி முடித்த பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் ஒரு பிற்பகல் முழுதும் அலையில் விட்டுவைக்க நமக்கு நேரம் கிடைப்பதில்லை.

இத்தனை வகுப்புகளும் போட்டிகளும் இல்லாவிட்டால் நம் கலாசாரம் அழிந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு, சிட்னியிலேயே நிகழ்ந்த ஒரு திருஷ்டாந்தத்தைக் காட்ட விரும்புகிறேன். 2019ஆம் ஆண்டு ஜனவரியில், சிட்னி விழாவின்போது, நகரமண்டபத்தைக் கொழும்பு வீட்டு முற்றமாகவும் நாடக அரங்காகவும் மாற்றி, ‘கவுண்டிங் அண்ட் கிராக்கிங்’ என்னும் நாடகம் மேடையேறிற்று. எழுதியவர் எஸ். சக்திதரன், ஏமன் ஃப்ளாக் நெறிப்படுத்தினார். மூன்று மணி நேரத்திற்கும் மேல் ஓடும் அந்நாடகத்தில் பாத்திரங்கள் தமிழிலும் சிங்களத்திலும் பேச, அருகில் நிற்கும் நடிகர்கள் அதை ஆங்கிலத்தில் உடனுக்குடன் சொல்வார்கள். பெண்டில் ஹில்லில் வாழும் ராதா என்ற தாயும், கூஜியில் தங்கிப் படிக்கும் சித்தார்த்தன் என்ற மாணவனும் ஜோர்ஜஸ் ஆற்றங்கரையில் பாட்டியின் அஸ்தியைக் கரைக்க வருவதில் கதை தொடங்குகிறது. தன் தாய் சொல்லாமல் மறைத்துவைத்த ஒரு தேசத்தை அம்மாணவன் மெல்ல மெல்ல அறிந்துகொள்வதில் அது வளர்கிறது. அவ்வாண்டு ஹெல்ப்மன் விருதுகள் ஏழும், அடுத்த ஆண்டு விக்டோரியா இலக்கியப் பரிசும் அதற்குக் கிடைத்தன. ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை இந்நாட்டின் பொது இலக்கியத்தில் இவ்வளவு கௌரவமான ஆசனத்தில் அமர்ந்தது அதற்குமுன் நிகழ்ந்ததாக எனக்கு நினைவில்லை.

சக்திதரனின் தாயார் ஆனந்தவல்லி. லிங்காலயம் என்ற நடனப் பள்ளியை 1987 முதல் சிட்னியில் நடத்தியவர். கணிதப் பேராசிரியராகவும், சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் அமைச்சராகவும் இருந்த செ. சுந்தரலிங்கம் அக்குடும்பத்தின் மூதாதை. இவ்வளவு பெரிய குலச்செல்வம் இருந்தும், தாயார் இலங்கையைப் பற்றிப் பேச மனம்வராது இருந்தார்; மகன் கேட்டுக் கேட்டு, உறவினர்களைத் தேடிச் சென்று, படித்து, எழுதி, கிழித்து, மறுபடி எழுதி முடிக்க ஏறத்தாழ ஒரு தசாப்தம் பிடித்தது. முடிவில் அத்தாயாரே அந்நாடகத்திற்கு உடையலங்காரமும் கலாசார ஆலோசனையும் செய்து உடன் நின்றார். கலாசாரம் ஒரு தலைமுறையிலிருந்து மற்றொரு தலைமுறைக்குப் போய்ச் சேரும் வழி இதுதான் என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பாடத்திட்டம் கிடையாது, பரிசளிப்பு விழா கிடையாது, இத்தனை வயதுக்குள் முடிந்தாக வேண்டும் என்ற கெடுவும் கிடையாது. கேட்பதற்கு ஒரு பிள்ளைக்குத் தோன்றவேண்டும். தோன்றுவதற்கு அதற்குப் பொழுது வேண்டும். பதில் சொல்ல உட்காரும் தாய்க்கும் பொழுது வேண்டும். எல்லாருக்கும் இப்படி நாடகம் எழுத வராது என்பது உண்மையே. ஆனால் தன் பாட்டி எந்தக் கிராமத்திலிருந்து எந்த ஆண்டு எதற்காகப் புறப்பட்டாள் என்று கேட்கத் தோன்றாத பிள்ளை, தமிழ்ப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும், அந்த நூறை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூத்தவர்களாகிய நாம் நமக்கென்று பொழுதை மிச்சம் பிடித்துக்கொண்டவர்கள் என்பதையும் இந்த இடத்தில் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. சிட்னியில் வாழ்ந்து 2014இல் இங்கேயே மறைந்த எழுத்தாளர் எஸ்.பொ., மெல்பேர்ணில் மிருக வைத்தியம் பார்த்துக்கொண்டே அந்த வைத்தியசாலையையே களமாக்கி ‘அசோகனின் வைத்தியசாலை’ எழுதிய நடேசன், தாவர அறிவியல் பேராசிரியராக இருந்துகொண்டு சிறுகதைகள் எழுதிவந்த ஆசி கந்தராஜா, 2001 முதல் எழுத்தாளர் விழாவை முன்னின்று நடத்திய முருகபூபதி ஆகியோருக்கு இரவில் கண்விழித்து எழுதும்படி எவரும் அட்டவணை போட்டுக் கொடுக்கவில்லை. அவர்கள் எழுதியவற்றுக்கு எவரும் புள்ளி இடவும் இல்லை. இலங்கையிலோ தமிழகத்திலோ கழிந்த அவர்கள் இளமையில், ஆலமரத்தடியிலும் வாசிகசாலைத் திண்ணையிலும் ஒரு பயனும் கருதாமல் உட்கார்ந்து பத்திரிகை வாசித்து வம்பளந்த மாலைகள் இருந்தன. அத்தகைய மாலைகளை உண்டு வளர்ந்த தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு அவற்றில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காதது நியாயமாகாது.

“சும்மா விட்டால் பிள்ளைகள் தொலைபேசியைத்தானே நோண்டும்?” என்ற ஆட்சேபம் எழும் என்பதை அறிவேன். அந்த வாதத்தின் பலத்தை அரசாங்கங்களே ஓரளவு குறைத்துவிட்டன. விக்டோரியாவின் அரசுப் பள்ளிகளில் 2020 முதலும், நியூ சவுத் வேல்ஸின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 2023இன் இறுதித் தவணை முதலும் கைத்தொலைபேசிக்குத் தடை உண்டு. பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று 2024இல் நிறைவேறிய மத்தியச் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நம்பும் வயதை நான் கடந்துவிட்டேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் சந்து பொந்துகளைக் கண்டுபிடிக்கத்தான் செய்வார்கள். எனினும், இச்சட்டம் வந்தவுடன் நம்மவர் சிலர், “இனி மாலையில் இரண்டு மணித்தியாலம் மிச்சம், எந்தக் கிளாஸில் சேர்க்கலாம்?” என்று ஆலோசிக்கத் தொடங்கியதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையிடமிருந்து மீட்ட பொழுதைப் பிள்ளையிடம் கொடுக்கவேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு எழவில்லை. வெறுமனே இருக்கப் பழகாத பிள்ளைதான், கிடைக்கும் ஐந்து நிமிஷத்தையும் திரையில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஆரம்பத்தில் அலுப்பாகத்தான் இருக்கும். அலுத்துப் போன பிள்ளை முதலில் சிணுங்கும், பிறகு வீட்டை அளக்கும், பிறகு பழைய புகைப்பட ஆல்பத்தையோ, தாத்தாவின் ஆர்மோனியத்தையோ, தோட்டத்துக் கறிவேப்பிலைச் செடியையோ கண்டெடுக்கும். அந்த இடைவெளியைச் சகித்துக்கொள்ள முடியாதவர்கள் பெற்றோரே.

தமிழ்ப் பள்ளிகளை நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு வகுப்பையாவது புத்தகமும் பரீட்சையும் பரிசும் இல்லாத வகுப்பாக வையுங்கள். பிள்ளைகள் தாங்கள் கேட்ட சினிமாப் பாட்டைப் பற்றியோ, நேற்றுத் தோற்ற கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றியோ, பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகவேனும் பேசட்டும். பிழை திருத்தாமல் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருங்கள். மேற்குச் சிட்னியின் பொது நூலகங்கள் சிலவற்றில் தமிழ் நூல்கள் உண்டு; அங்கே அழைத்துப்போய், படி என்று சொல்லாமல், அலமாரிகளுக்கிடையே அலையவிட்டாலும் போதும்.

பெற்றோரிடம் நான் கேட்பது இன்னும் சிறியது. அடுத்த தவணைக்கான அட்டவணையை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும்போது, சனிக்கிழமைப் பிற்பகலை மாத்திரம் வெறுமையாக விட்டுவிடுங்கள். மாலையில் வந்து, அதை எப்படிக் கழித்தாய் என்று பிள்ளையிடம் தயவுசெய்து கேட்காதீர்கள்.